பாடை வாத்தியார்

எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு முதல் தடவை வந்தபோது அவர் வணக்கம் சொல்லவில்லை, உடம்புக்கு என்ன என்றும் சொல்லவில்லை. ஏழடி மூங்கில் ஒன்றைப் படுக்கை வாட்டத்தில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நுழைந்தார். நுழைந்தவர் பிரசவ அறைப் பக்கம் திரும்ப முயன்றார். மூங்கிலின் ஒரு முனை பீரோவில் இடித்தது. பின்னால் நகர்ந்தார், மறுமுனை சுவரில் இடித்தது. படுத்திருக்கிற ஆளைப் படுத்தபடியே இங்கிருந்து வெளியே கொண்டுபோக முடியாதே, இத்தனை நாளாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். மேலிடத்திலிருந்து சோதனைக்கு வந்த ஆள் என்று நினைத்து நான் எழுந்துகூட நின்றுவிட்டேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு, பீரோவை இரண்டடி நகர்த்தச் சொல்லிவிட்டுப் போனார். நான் நகர்த்தவில்லை. மூன்றாம் வாரம் அவரே வந்து நகர்த்தினார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஊர்ப் பெயரும் வேண்டாம். கொல்லிமலையில், குண்டூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில், பத்துப் பதினைந்து வீடுள்ள ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கும் வேறு பெயர்தான் வைத்திருக்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்துக் கிராம நர்ஸ். சொந்த ஊர் அடிவாரத்துச் சேந்தமங்கலம். திங்கட்கிழமை காலை பஸ் ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவும் குடலைப் புரட்டிவிட்டுத்தான் மேலே விடும். சனிக்கிழமை சாயங்காலம் இறங்குவேன். நடுவில் சுகாதார நிலையத்தின் பின்னறைதான் எனக்கு வீடு. மாற்றல் கேட்டு மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

அவர் கட்டிடக்கலை படித்தவர். கொஞ்ச காலம் கட்டிடங்களுக்குப் பிளான் போட்டுவிட்டு, பிறகு முப்பது வருஷம் நகரத்தில் ஒரு கல்லூரியில் நகரமைப்புப் பேராசிரியராக இருந்தார். ஒரு ஊர் எந்தப் பக்கம் வளர வேண்டும், ரோடு எவ்வளவு அகலம், பள்ளிக்கூடம் எங்கே, சுடுகாடு எங்கே என்று சொல்லிக்கொடுக்கிற படிப்பு. ஓய்வு பெற்றதும் மனைவியைக் கூட்டிக்கொண்டு மலையேறி, மிளகுக்கொடிகளுக்கு நடுவில் வீடு கட்டிக் குடிவந்துவிட்டார். அவருடைய நிலத்துக்குக் கீழ்நிலத்துக்காரர் பொன்னுசாமி. நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். பொன்னுசாமிக்கு இந்தப் படிப்பு கடைசி வரை பிடிபடவில்லை. "ஊரு தன்னால வளருமுங்களே, அதுக்கு ஒரு வாத்தியாருங்களா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

மூங்கில் அவர் கையை விட்டு இறங்காது. ஒரு ஆள் படுத்தால் ஆகிற நீளம் அது என்பார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மூங்கில்தான் உள்ளே போகும். அறைக்கு அறை, திருப்பத்துக்குத் திருப்பம் அதைத் திருப்பிப் பார்ப்பார். தடையில்லாமல் திரும்பிவிட்டால் முகம் மலர்ந்துபோகும், காப்பியைக் கேட்டு வாங்கிக் குடிப்பார். திரும்பாவிட்டால் உட்காரவே மாட்டார். மலைவீடுகளில் வாசல் சிறிசு, குனிந்துதான் போக வேண்டும். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளமாட்டார்.

செம்மேட்டில் தெரிந்தவர் ஒருவர் மாடி வைத்து வீடு கட்டிப் பால் காய்ச்சினார். சொந்தபந்தமெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரம், இவர் மாடிப்படியில் மூங்கிலோடு நின்றுகொண்டிருந்தார். படி திரும்புகிற இடத்தில் அகலம் போதாது, மாடியில் யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால் எப்படி இறக்குவீர்கள் என்று அந்தப் பக்கம் வந்த பெரியவரிடம் கேட்டுவிட்டார். பெரியவர் வீட்டுக்காரரின் மாமனார். எண்பது வயது. மாடி அறையே அவருக்கென்றுதான் கட்டியிருந்தார்கள். நான்தான் இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பந்தியில் உட்கார வைத்தேன். படிக்கட்டைத்தானே சொன்னேன், அவரையா சொன்னேன் என்று ஜாங்கிரியைப் பிட்டுக்கொண்டே கேட்டார். வருத்தப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அவர் பீரோவை நகர்த்திய ஆறாம் மாதம், பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்காமல், கட்டிலோடு தூக்கி அப்படியே வெளியே கொண்டுவந்து வண்டியில் ஏற்றினோம். எங்கேயும் இடிக்கவில்லை. பிள்ளையும் தாயும் பிழைத்துக்கொண்டார்கள். அவரைப் பார்த்துச் சொன்னேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன். கட்டிலிலிருந்து வண்டிக்குப் போக எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று மட்டும் கேட்டார்.

அவரிடம் படித்த பெண் ஒருத்தி ஒரு தடவை பார்க்க வந்திருந்தாள். அவளே இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். வகுப்பில் யார் எதை வரைந்து கொண்டுபோனாலும், அது தியேட்டராக இருந்தாலும் சரி, பெரிய ஹோட்டலாக இருந்தாலும் சரி, எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, இதற்குள் ஒருத்தர் செத்துவிட்டால் எந்த வழியாக வெளியே போவார் என்று கேட்பாராம். அதனால் அவருக்குப் பாடை வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தார்களாம். அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், தேர்வுத்தாளில் ஒரு பையன் மறதியாக அப்படியே எழுதிவிட்டான், இவர் அதற்கும் மதிப்பெண் போட்டார் என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்த மூங்கில் பழக்கம் ஏன் வந்தது என்பதை அவராகத்தான் ஒரு நாள் சொன்னார். மழைக்கு ஒதுங்கி என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். கையில் ரத்த அழுத்தப் பட்டை சுற்றியிருந்தது. பேசாமல் இருங்கள் என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

"நாலாம் மாடி, சிஸ்டர். அந்தப் படிக்கட்டு நான் போட்டது. இடத்தை நல்லா மிச்சம் பிடிச்சிருக்கேன்னு பாராட்டெல்லாம் வந்தது. குடிவந்த முதல் வருஷமே மேலே ஒருத்தர் போயிட்டார். படுக்க வெச்சு இறக்க முடியல. நாற்காலியில உட்கார வெச்சு, துண்டால கட்டி இறக்கினாங்க. தலை ஆடிக்கிட்டே வந்தது. அவர் சம்சாரம் அந்தத் தலையைப் பிடிச்சுக்கிட்டே நாலு மாடியும் கூட இறங்கினாங்க. நான் கீழே நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

அடுத்த மாதமே அந்த வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாராம். அன்றைக்கு அவருடைய ரத்த அழுத்தம் மிகவும் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு நான் மூங்கிலைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அவர் கட்டிய சொந்த வீட்டில் ஒரு வாசலும் நாலடிக்குக் குறையாது. காலை இடறுகிற நிலைப்படி கிடையாது. குளியலறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும், உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடக்கக் கூடாது என்பதற்காக. எந்த அறையிலிருந்தும் இரண்டு வழியில் வெளியே வரலாம். ஆனால் வீட்டிலிருந்து ரோட்டுக்கு வர ஒரே வழிதான். பொன்னுசாமியின் மரவள்ளிக் காட்டையும் மிளகுத் தோட்டத்தையும் தாண்டிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். மாமூல் வழித்தடம் உண்டு என்று பத்திரத்தில் எழுதியிருந்தது. காலங்காலமாக நடந்து வருகிற பாதை, யாரும் மறிக்க முடியாது என்று அர்த்தம். நிலத்தை வாங்கும் முன் இவர் அந்தத் தடம் முழுக்க மூங்கிலோடு நடந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் திருப்பிப் பார்த்து, சரி என்று மனம் ஒப்பிய பிறகுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அளந்ததில் ஒரு தப்பும் இல்லை.

குடிவந்த இரண்டாம் வருஷம், அவர் வீட்டுக்கு மேலே இருந்த மூன்று வீடுகளில் ஒன்றில் ஒரு பெரியவர் இறந்துபோனார். இவரும் துக்கத்துக்குப் போனார். பாடையைத் தூக்கியவர்கள் ரோட்டுப் பக்கம் வராமல் எதிர்ப்பக்கம் ஓடையில் இறங்கினார்கள். அவர்களுடைய இடுகாடு ஓடையை ஒட்டி இருக்கிறது, அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் வாத்தியாரால் கேட்காமல் இருக்க முடியுமா? ரோட்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று பொன்னுசாமியிடம் கேட்டார். அந்தப் பக்கம் கொண்டுபோறதில்லீங்க என்று பொன்னுசாமி சாதாரணமாகச் சொன்னார்.

அந்தத் தடத்தின் பாதியில் ஒரு பலாமரம். அடியில் ஒரு கல். பொன்னுசாமி வகையறாவின் காவல் சாமி அது. எல்லோரும் அந்த இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் தாண்டுவோம், நானும்தான். உயிரோடு யாரும் போகலாம். மாடு கன்று போகலாம். நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போகலாம். பிணம் மட்டும் அந்தக் கல்லைத் தாண்டக் கூடாது. தாண்டிவிட்டால் முள் வெட்டிப் போட்டுத் தடத்தை அடைத்துவிட வேண்டும், அதன்பின் ஒருவரும் அதில் நடக்கக் கூடாது என்பது அந்தப் பங்காளிகளின் கட்டுப்பாடு. மலைக்காரர்களுக்கு இதனால் ஒரு சங்கடமும் வந்ததில்லை. அவர்களுடைய இறந்தவர்கள் யாரும் ரோட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஓடை வழியாகவும் ரோட்டைப் பிடிக்கலாம்தான். பாறையில் கை ஊன்றி இறங்கி, மறுபக்கம் ஏறி, அடுத்த ஊரைச் சுற்றி வந்தால் இரண்டு மணி நேரம். தனி ஆளாக இருந்தால் முடியும், ஆளைச் சுமந்துகொண்டு முடியாது.

அன்று சாயங்காலம் நேராக என்னிடம் வந்தார். மூங்கிலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். "அகலத்தை அளந்தேன், சிஸ்டர். வழக்கத்தைக் கேட்கலை" என்றார். முகம் வெளுத்திருந்தது. மனைவியை நினைத்துத்தான் அப்படி ஆகிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

அந்த அம்மாவுக்கு அப்போதே இதயம் பலவீனம். கால் வீங்கும், நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். வாரத்துக்கு இரண்டு தடவை நான் போய்ப் பார்ப்பேன். காவிரிக் கரையில் மோகனூரில் பிறந்து வளர்ந்தவர். மலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி, தூரத்து வளைவில் ஹாரன் கேட்டால் பத்தே முக்கால் வண்டி இறங்குகிறது என்பார். ஏறுகிற வண்டியைப் பற்றி ஒரு நாளும் பேசினதில்லை. ஊர் ஊருக்குப் பிளான் போட்டவர் கட்டின பொண்டாட்டியை எங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார் பார் என்று என்னிடம் அவரைக் கேலி செய்வார். அவர் காதில் விழும்படியேதான் சொல்வார்.

ஒரு நாள் வீக்கம் பார்க்கக் காலை அழுத்திக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, நான் செத்தா இங்க வெச்சிர உடாத. மோகனூர்ல எங்கம்மாள எரிச்ச ஆத்தங்கரைலதான் என்னையும் எரிக்கோணும். அவருகிட்டச் சொன்னா பிளான் போடுவாரு. நீ பாத்துக்க சாமி" என்றார். சரிங்கம்மா என்றேன். சொல்வதற்கு எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

அவர் பிளான்தான் போட்டார். முதலில் பொன்னுசாமியிடம் ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனார். பலாமரத்தை விட்டு விலகி வேலியோரமாகப் புதுத் தடம், அதற்குப் பதில் தன் நிலத்தில் இரண்டு மடங்கு. பொன்னுசாமி வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். மரியாதைக்காகத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார். பலாச்சுளை கொண்டுவந்து வைத்தார்.

"சார், நீங்களும் அம்மாவும் உசுரோட எத்தன தடவ வேணாலும் போங்க, வாங்க. முடியலீன்னா அம்மாவ நானே தூக்கிட்டுப் போறேன். உசுரு போனப்பறம் எங்க காட்டுல வழி இல்லீங்க. மரத்தடி மட்டும் இல்ல, இந்தக் காடே அதோட எல்லைதானுங்க. இது நான் வெச்சதுன்னா இப்பவே எடுத்துருவேன்" என்றார்.

அடுத்து ஓடைக்குப் பாலம். பழைய மாணவர்கள் கருவிகளோடு வந்து அளந்தார்கள். அட்டையில் சின்னதாக ஓடை, பாறை, பாலம் எல்லாம் செய்து கூடத்தில் வைத்திருந்தார். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை ஒடித்து, அந்த அட்டைப் பாலத்தின் திருப்பத்தில் அதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏதேதோ ஆபீஸுக்கு மனு போனது. யாரோ வந்தார்கள், பார்த்தார்கள், டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு வருஷம் ஓடிவிட்டது. அம்மாவுக்குக் கட்டிலை விட்டு எழுந்திருப்பதே பெரும்பாடாகிவிட்டது. நாமக்கல் டாக்டர் இனி மருந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

நான் சொன்னது ஒன்றுதான். சேந்தமங்கலத்தில் வீடு பார்த்துத் தருகிறேன், அம்மாவைத் தூளியில் வைத்து ரோட்டுக்குக் கொண்டுவந்து, காரில் இறக்கிவிடுங்கள். ஒரு நாள் வேலை. இதற்குப் பிளானும் வேண்டாம், பாலமும் வேண்டாம். ஆடி முடியட்டும் என்றார். ஆடி முடிந்ததும் மழை விடட்டும் என்றார். ஒரு நாள் நான் குரலை உயர்த்திவிட்டேன். அந்த அம்மா கேட்டதைக்கூடச் சொல்லிவிட்டேன். அவர் வரைபடத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"இப்போ இறங்கிட்டா, வெளியே போக வழியில்லாத வீட்டை நான் கட்டினேன்னு ஆயிடும், சிஸ்டர். முப்பது வருஷமா நான் சொல்லிக்கொடுத்தது அந்த ஒண்ணைத்தான். ஒரே ஒரு மாசம் பொறுங்க."

பக்கத்து அறையில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாசல்கள் அகலமான வீடு, ஒரு அறைப் பேச்சு இன்னொரு அறைக்குத் தடையில்லாமல் போகும். நான் உள்ளே போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வாத்தியார் மேல் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. அடைபட்டுக் கிடந்தவர் அந்த அம்மா. அவரோ அடைபட்டது தன் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஐப்பசியில் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலை, ஒன்பது மணிக்கு அவர் போன் செய்தார். அவளால் மூச்சு விட முடியவில்லை, வாருங்கள் என்றார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஓடினேன். நான் போவதற்குள் பொன்னுசாமி மூன்று ஆட்களோடு வந்து, கம்பளியில் தூளி கட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணால் வாசலைக் காட்டினார். முகத்தில் பயம் இல்லை. ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு இருக்கிற அவசரம்தான் இருந்தது.

பொன்னுசாமி அரிவாளோடு முன்னால் போனார், மழையில் சாய்ந்து கிடந்த மரவள்ளிச் செடிகளை வெட்டி ஒதுக்கிக்கொண்டே. அவருக்குப் பின்னால் தூளி. ஒரு பக்கம் நான், அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி. மறுபக்கம் அவர். திருப்பத்துக்குத் திருப்பம் சொல்லிக்கொண்டே வந்தார். முன்னால் தாழ்த்துங்கள், பின்னால் கொஞ்சம் நில்லுங்கள், இப்போது வலது பக்கம். அவர் சொன்னபடி தூக்கிப் போனதில் தூளி ஒரு கொடியில்கூட உரசவில்லை. அவருடைய வேலை என்ன என்பதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

பலாமரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், என் விரலுக்கடியில் நாடி நின்றுவிட்டது. விரலை மாற்றி வைத்துப் பார்த்தேன். கழுத்தில் வைத்துப் பார்த்தேன். மூச்சும் இல்லை. தூளியை இறக்கி நெஞ்சை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தினாலும் திரும்பாத இதயம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அழுத்திப் பார்ப்பதுதான் என் வேலை. இறக்கினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதற்கு மேல் ஒரு அடி முன்னால் வைக்க முடியாது. நான் இறக்கச் சொல்லவில்லை. இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார், எடுக்கவில்லை. இப்போது வாயைத் திறப்பார் என்று நினைத்தேன். திறந்தால் திரும்ப வேண்டியதுதான், அம்மாவுக்கு ஓடைக்கரைதான். திறக்காவிட்டால் பொன்னுசாமியின் சாமிக்கு முன்னால் நாங்கள் செய்வது துரோகம். நாலைந்து அடி அப்படியே நடந்தார். பிறகு, பின்னால் தூக்கி வந்தவனிடம் அதே குரலில் சொன்னார்.

"மெதுவா, தம்பி. அவளுக்கு வலிக்கும்."

பின்னால் தூக்கி வந்தவன் என் முகத்தைப் பார்த்தான். தோளில் சுமப்பவனுக்குத் தெரியாமல் போகுமா? அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

பலாமரத்தடியில் பொன்னுசாமி நின்று செருப்பைக் கழற்றினார். நாங்களும் நின்றோம். அவர் கல்லைப் பார்த்தபடி நின்றிருந்தார், முதுகு எங்கள் பக்கம். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று திரும்பாமலே கேட்டார். நான்தான் சொல்ல வேண்டும். அம்மாவின் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தூங்கறா" என்றார் வாத்தியார்.

பொன்னுசாமி உடனே நகரவில்லை. மரத்திலிருந்து மழைத்தண்ணீர் அவர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. "தூங்கட்டுங்க. நடங்க" என்றார். ரோடு வரும் வரை அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அந்த அம்மாள் இறந்த இடம் ரோடு என்று ஆம்புலன்ஸில் வந்தவர்களிடம் நான் சொன்னேன், அப்படியே பதிவாயிற்று. அன்று சாயங்காலம் மோகனூரில், அவர் கேட்ட இடத்தில் எரித்தார்கள். ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

காரியம் முடிந்து அவர் மலைக்குத் திரும்பி வந்தார். பொன்னுசாமியிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றார். வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். ஒருத்தருடைய நிலத்தில் நடந்துவிட்டு அவரை ஏமாற்ற முடியாது என்று கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன். பொன்னுசாமி களத்தில் சாமை காயப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாத்தியார் நின்றபடியே ஆரம்பித்தார்.

"பொன்னுசாமி, அன்னைக்கு அந்த மரத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே..."

"சார்" என்று பொன்னுசாமி நிறுத்தினார். "அன்னிக்கு நான் முன்னால போனேனுங்க. திரும்பிப் பாக்கலீங்க. அம்மா தூங்கறாங்கன்னு நீங்க சொன்னீங்க. அத்தோட இருக்கட்டும். நீங்க வேற ஏதாச்சும் சொல்லி, அது என் காதுல உழுந்துதுன்னா, நான் முள்ள வெட்டிப் போட்டு வழிய அடைச்சே ஆகோணும். மேல மூணு ஊட்டுப் புள்ளைங்களும் எப்புடிங்க பள்ளிக்கூடம் போகும்?"

எந்த இடத்தில் விட்டாலும் வெளியேற வழி கேட்கிற மனிதர் வாத்தியார். அங்கே அவருக்குக் கேட்க ஒன்றும் இல்லை. பொன்னுசாமி மறுபடியும் உட்கார்ந்து சாமையைத் துழாவ ஆரம்பித்தார். நாங்கள் திரும்பி வந்தோம்.

அன்றோடு அவர் அந்தத் தடத்தில் கால் வைப்பதை விட்டுவிட்டார். மாத்திரைக்கு என்னிடம் வர வேண்டுமென்றால் ஓடை வழியாகத்தான் வந்தார். அந்த வயதில் பாறையில் கை ஊன்றி இறங்கி, ஏறி, ஊரைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம். உள்ளங்கை எப்போதும் சிராய்த்திருக்கும். மருந்து போடும்போது நான் திட்டுவேன். எனக்கும் அந்தக் கல்லைத் தாண்டும்போது உறுத்தத்தான் செய்கிறது, ஆனால் நான் தாண்டிக்கொண்டுதானே இருக்கிறேன் என்பேன். அவர் மறு கையை நீட்டுவார். மூங்கிலை அவர் கையில் நான் அப்புறம் பார்க்கவில்லை.

தை மாதம் வெளிநாட்டிலிருந்து மகள் வந்து, அவரைக் கையோடு கூட்டிப்போவதென்று முடிவாயிற்று. கிளம்புகிற அன்று பொன்னுசாமி பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, வாங்க சார், போலாம் என்று தடத்தின் தலைப்பில் நின்றார். நீங்கள் முன்னால் போங்கள், நான் வந்துவிடுகிறேன் என்றார் வாத்தியார். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. அவர் வீட்டைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடைப் பக்கம் இறங்கிப் போனார்.

ரோட்டில் காருக்குப் பக்கத்தில் நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். மகள் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள், அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். பொன்னுசாமி ஓடை முடிகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிய பிறகு வளைவில் அவர் தலை தெரிந்தது. ஒரு கால் லேசாக விந்தியது. வேட்டி முழங்கால் வரை சேறு. வந்ததும் காரின் இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்தார், காலை உள்ளே எடுத்துவைக்க முடியவில்லை. பொன்னுசாமி தன் தோள் துண்டை எடுத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவருடைய இரண்டு பாதங்களையும் துடைத்தார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.